வெளியாள் உதவி

மீனம்மாளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கார்த்திக் அவர் குரலைக் கேட்டுவிட்டான். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பதினான்காம் விதியைப் படித்துவிட்டு நிமிர்ந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் எழும்பியது. மைக் இல்லாமலே மைக்கைத் தோற்கடிக்கிற குரல்.

“தம்பி, சித்த நில்லுங்க. வெளியாள் உதவின்னு வாசிச்சீகளே, வெளியாளுன்னா யாரு?”

மண்டபத்தில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு நடக்கவிருந்த நெடுந்தூர ட்ரையத்லானில் தண்ணீர் கொடுக்கவும் வழிகாட்டவும் ஓடுகிறவர்களைக் கைதட்டி உற்சாகப்படுத்தவும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். ட்ரையத்லான் என்றால் என்னவென்று அவன் ஏற்கெனவே மூன்று தடவை விளக்கியாகிவிட்டது. கண்மாயில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீச்சல், கரையேறியதும் தேவகோட்டைச் சாலையில் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். காலை ஆறரைக்குத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் மதியம் மூன்று மணிக்குள் வந்து சேர வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் வந்ததாகக் கணக்கில்லை.

“இவுகளுக்கெல்லாம் வீட்டுல என்ன கொறை தம்பி?” என்று அதற்கு அன்வர் சாதிக் கேட்டிருந்தார். காரைக்குடியில் ஜூஸ் கடை வைத்திருப்பவர். அதற்கு எழுந்த சிரிப்பு அடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது இந்தக் கேள்வி. இன்னும் பதினோரு விதி பாக்கி. பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டது.

“வெளியாளுன்னா வெளியாளுதான்க்கா. நம்மாளு இல்லாதவுக” என்றான் கார்த்திக். “இதுக்குப் போயி அகராதியா எடுத்துக்கிட்டு வர முடியும்?”

மண்டபம் சிரித்தது. கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். “சரிதான் தம்பி. தெரிஞ்சுக்கிட்டா நல்லதுன்னு கேட்டேன்” என்று உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கைகள் இரண்டும் மட்டும் வேறு யாருடையவோ போல, சலவைத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துத் தடித்திருந்தன.

அந்தச் சொல்லை அவன் சும்மா போட்டுவிடவில்லை. பெங்களூரிலிருந்து வந்து பந்தயம் நடத்துகிற நிறுவனம் அவனை மூன்று மாதத்துக்கு வேலைக்கு எடுத்திருந்தது. அவர்களுடைய இருபத்தெட்டுப் பக்க ஆங்கில விதிப் புத்தகத்தைத் தமிழாக்குவது, தொண்டர்களைச் சேர்ப்பது, வெளியூர் அதிகாரிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பது, இவ்வளவும் அவன் பொறுப்பு. கல்லலுக்குத் தெற்கே அவன் ஊர். அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. அவன் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தபோது ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பதினான்காம் விதிக்கு முதலில் ‘புறத்திலிருந்து பெறப்படும் உதவி’ என்று எழுதியிருந்தான். வாசித்துப் பார்த்தால் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அடித்துவிட்டு ‘வெளியாள் உதவி’ என்று எழுதினான். தன் அம்மா தினமும் புழங்குகிற சொல், படிக்காதவருக்கும் விளங்கும். ‘போட்டியாளர் எவரும் வெளியாள் உதவி பெறக் கூடாது, பெற்றால் தகுதி நீக்கம்.’ ரொம்பச் சரியாக அமைந்துவிட்டதென்று அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தான். புத்தகத்தின் பின்னட்டையில் ‘தமிழில்: மு. கார்த்திக், எம்.ஏ.’ என்று அச்சாகி வந்தது. அவன் அப்பா ஒரு பிரதியைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மண்டபத்துச் சாப்பாடு முடிந்ததும் மீனம்மாள் அவனைத் தேடி வந்தார். “நாலாம் நம்பர் தண்ணிப் பந்தல்ல என்னைப் போட்டிருக்கீக. அது கொத்தமங்கலத்து ரோடுதான? எம்மக அந்த வழியாத்தான் ஓடி வரும்” என்றார்.

“உங்க மகளா?”

“மஹாலட்சுமி. இந்த ஊர்ல இருந்து பேரு குடுத்திருக்கிறது அது ஒண்ணுதான்.”

அவன் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறான். முந்நூற்றுப் பதினெட்டுப் பெயர்களில் அப்பாவின் பெயரோடு முழுதாக எழுதியிருந்த ஒரே பெயர்: மஹாலட்சுமி கோட்டைச்சாமி.

கோட்டைச்சாமி கொத்தனார். கேரளத்தில் சாரம் சரிந்து இறந்தபோது மகளுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு மீனம்மாள் செய்யாத வேலை இல்லை. கடைசியாகக் கானாடுகாத்தானில் விடுதியாக மாறிவிட்ட ஒரு பெரிய வீட்டின் சலவைக் கூடத்தில் வந்து நின்றார். நாளொன்றுக்கு எழுபது எண்பது நீச்சல் துண்டு. மகளும் பள்ளிக்கூடம் முடித்ததும் அங்கேயே சேர்ந்தாள். நீச்சல் குளத்தில் விழும் இலைகளை வலையால் அள்ளுவதும் விருந்தினர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதும் வேலை. குளத்தில் இறங்க அவளுக்கு அனுமதி கிடையாது. வேலை முடிந்து சாயங்காலம் கண்மாய்க்குப் போய் நீந்துவாள். ஒருநாள் விடுதிக்கு வந்திருந்த பந்தய நிறுவனத்து ஆள் ஒருவர் கரையில் நின்று அவள் நீந்துவதைப் பார்த்திருக்கிறார். சைக்கிளை நிறுவனமே இரவல் கொடுத்தது. கூடவே ஒரு வாக்கும் கொடுத்தது. உள்ளூர்ப் போட்டியாளர் உரிய நேரத்துக்குள் முடித்தால் கோயம்புத்தூரில் அவர்கள் நடத்தும் மையத்தில் நீச்சல் பயிற்றுநர் வேலை. தங்க இடம், மாதச் சம்பளம், அடையாள அட்டை.

“அந்த அட்டையில பேரு போட்டு, கீழ கோச்சுன்னு போடுவாகளாம்ல?” என்று கேட்டார் மீனம்மாள். அதை மட்டும் மூன்று தடவை கேட்டார்.

ஐந்து மாதம் மகளின் பயிற்சிக்கு அவர்தான் துணை. கண்மாய்க் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, மகள் ஒரு தடவை போய்த் திரும்பினால் ஒரு புளியங்கொட்டையை மடிக்கு மாற்றுவார். மடி நிறைந்ததும் கரையிலிருந்தே ஒரு குலவை. அதுதான் ‘போதும், ஏறு’ என்பதற்கு அடையாளம். சைக்கிள் பயிற்சிக்குப் பின்னால் போக வண்டி இல்லாததால் விடியற்காலை காரைக்குடி பஸ்ஸில் ஏறி, சாலையில் எங்காவது இறங்கி நிற்பார். மகள் கடந்து போகும்போது கையை ஆட்டுவார். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து துண்டு துவைப்பார்.

அவருக்கு ஒருவரை உற்சாகப்படுத்துவதென்றால் ஒரே ஒரு முறைதான் தெரியும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குக் குன்றக்குடிச் சாலையில் வருஷம் தவறாமல் தண்ணீர் கொடுத்துப் பழகிய முறை அது. நடக்கிறவரிடம் உண்மையான தூரத்தைச் சொல்லக் கூடாது. ‘இந்தா, கூப்பிடு தூரந்தான்’ என்றே சொல்ல வேண்டும். பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தண்ணீரைக் குடித்தவரை அப்படியே அனுப்பிவிடக் கூடாது. தள்ளாடுகிறவரென்றால் கையைப் பிடித்து நாலு எட்டு கூட நடந்து, தெம்பு வந்த பிறகு விட்டுவிட்டு வர வேண்டும்.

பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தபோது மீனம்மாள் குலவையிட்டார். நிறுவனத்தின் வீடியோக்காரர் ஓடி வந்து இன்னொரு தடவை போடச் சொல்லிப் படம் பிடித்தார். அதன் பிறகு இன்னொரு தடவை. நாலாவது தடவைக்கு மீனம்மாள், “சாமி வர்றதுக்குள்ள நிப்பாட்டிக்கிறேன் தம்பி” என்றார். அன்வர் சாதிக் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் பத்து மணிக்கே உச்சிக்கு வந்துவிட்டது போலிருந்தது. நாலாம் பந்தலுக்குக் கார்த்திக்தான் பொறுப்பாளர். ஓட்டப் பாதையில் பதினாறாவது கிலோமீட்டர். பந்தல் தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பலகை, முடியும் இடத்தில் ஒரு சிவப்புப் பலகை, நடுவில் எழுபதடி. தண்ணீர், பனிக்கட்டி, வாழைப்பழம், உப்புக் கரைசல் எல்லாம் இந்த எழுபதடிக்குள் மட்டும்தான். இதை அவன் சொல்லியிருந்தான். பலகைக்கு அந்தப் பக்கம் எதுவும் நீட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஓடி வருகிறவர்களின் சட்டையில் குத்தியிருந்த பெயர்களை, அதே பந்தலில் இருந்த அன்வரைவிட்டு வாசிக்கச் சொல்லி, மீனம்மாள் அந்தப் பேரைத் தன் வாய்க்குத் தோதாக மாற்றிக் கூப்பிட்டார். ரோஹன் ரோகணியானார். ஒரு சீக்கியர் வந்தார், அவரைப் பெயர் கேட்காமலே “வாங்க தம்பி, முண்டாசோட ஓடுறீகளே, வேகலையா?” என்று தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றினார். எல்லாரிடமும், “கூப்பிடு தூரந்தான், இந்தா வந்துருச்சு” என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்த ஒரு சென்னைக்காரர், “இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இருக்கும்மா” என்று அழாத குறையாகச் சொன்னார்.

“அந்தக் கெடியாரம் கெடக்கு. அது ஓடுதா, நீங்க ஓடுறீகளா?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஓடினார்.

ஒரு மணி வாக்கில் ஒரு போட்டியாளரின் மனைவி ஸ்கூட்டரில் அவர் கூடவே வந்தார். இளநீரை நீட்டினார், முகத்தைத் துடைத்துவிட்டார், செல்போனில் பாட்டுப் போட்டார். சிவப்புப் பலகையைத் தாண்டியும் ஸ்கூட்டர் கூடவே போனது.

“பொறுப்பாளரே, இது பதினாலாம் விதியில வராதா?” என்று அன்வர் கேட்டார்.

கார்த்திக் பார்த்தான். அந்தப் போட்டியாளரின் பெயர் பந்தயத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலிலும் இருந்தது. “நடுவர் பாத்துக்கிருவாங்கண்ணே” என்றான். நடுவரின் மோட்டார் சைக்கிள் சற்று முன்புதான் அந்த ஸ்கூட்டரைக் கடந்து போயிருந்தது.

ஒன்று ஐம்பதுக்கு மஹாலட்சுமி வந்தாள். ஓடி வரவில்லை. இடது காலை இழுத்து இழுத்து வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கையில் இன்னும் எழுபது நிமிடம். போக வேண்டியது ஐந்து கிலோமீட்டர். நடந்தால்கூடப் போதும். பந்தலுக்குள் மீனம்மாள் மகளை ஒரு போட்டியாளராகத்தான் நடத்தினார். மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு தண்ணீர், அவ்வளவு உப்புக் கரைசல், தலையில் ஒரு குவளைப் பனிநீர். “ஏ லெச்சுமி, கூப்பிடு தூரந்தாண்டி” என்றார். மகள், “எனக்கேவாம்மா” என்றாள்.

சிவப்புப் பலகையைத் தாண்டி ஐம்பதடி போனதும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மஹாலட்சுமி சாலையோரத்துக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கார்த்திக் வாழைப்பழப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது மீனம்மாள் பலகையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை, ஒளியவில்லை, தன் வீட்டு வாசலைத் தாண்டுகிறவர் மாதிரி போனார். மகளின் காலை மடியில் தூக்கி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி நீவினார். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். கையைக் கோத்துக்கொண்டு கூட நடந்தார். நடந்துகொண்டே குலவையிட்டார். நூறடி, இருநூறடி, முந்நூறடி. பிறகு மகளின் கை தானாக விலகியது. அவள் ஓடத் தொடங்கினாள்.

“அக்கா” என்று கார்த்திக் கத்தியது அவர் காதில் விழுந்திருக்காது. குலவைக்கு நடுவே எதுவும் விழாது. அந்த நேரம் பார்த்து எதிரே வந்த நடுவரின் மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தது. நடுவர் மகளின் சட்டை எண்ணைப் பார்த்து ஒரு சிறு அட்டையில் குறித்துக்கொண்டார்.

மஹாலட்சுமி இரண்டு நாற்பத்தேழுக்கு முடித்தாள். பதின்மூன்று நிமிடம் மிச்சம். ஒலிபெருக்கியில் அவள் பேரையும் ஊர்ப்பேரையும் சொன்னார்கள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். அன்வரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மீனம்மாள் வந்து சேர்வதற்குள் பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தாகிவிட்டது.

அலுவலகக் கூடாரத்தில் ஐந்து பேர். பெங்களூரிலிருந்து வந்த இயக்குநர், புனேயிலிருந்து வந்த நடுவர், தாய், மகள், நடுவில் கார்த்திக். முதல் இருவருக்கும் தமிழில் நன்றி என்ற சொல்லுக்கு மேல் தெரியாது.

இயக்குநர் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மீனம்மாளை உட்காரச் சொன்னார். பிறகு கார்த்திக்கிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: உதவி செய்தது உண்மை, நடுவர் பார்த்திருக்கிறார். ஆனால் இந்த அம்மா நம்முடைய தொண்டர். நம்முடைய ஆட்கள் யாராவது இவருக்கு விதியைத் தப்பாகச் சொல்லியிருந்தால் அது நம்முடைய தவறு. தகுதி நீக்கம் தேவையில்லை, ஐந்து நிமிடம் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டால் போதும். அப்போதும் இவள் மூன்று மணிக்குள் வந்தவள்தான். ஆகவே கேளுங்கள், இவருக்கு என்ன சொல்லப்பட்டது?

கார்த்திக் கேட்டான். “அக்கா, பதினாலாம் விதி உங்களுக்கு என்னன்னு சொன்னாகன்னு கேக்குறாரு.”

மீனம்மாளுக்கு முகத்தில் தெளிச்சம் வந்தது. இவ்வளவுதானா என்கிற மாதிரி. “நீங்கதான தம்பி சொன்னீக. வெளியாளு ஒதவக் கூடாது, வெளியாளுன்னா நம்மாளு இல்லாதவுகன்னு. மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னாடி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்ல. அதான் வேற ஒருத்தரையும் நான் பலகைக்கு அங்குட்டுத் தொடல. அந்த முண்டாசுத் தம்பி தள்ளாடிக்கிட்டே போனாப்ல, மனசு கேக்கல, ஆனாலும் போகல. அவருக்கு நான் வெளியாளு. லெச்சுமிக்கு நான் எப்படி வெளியாளு ஆவேன்? பெத்தவ. சொல்லுங்க தம்பி அவர்ட்ட, வெவரமாச் சொல்லுங்க.”

இயக்குநர் கார்த்திக்கின் வாயைப் பார்த்தார்.

திங்கட்கிழமை அவனுடைய நிரந்தர வேலை உத்தரவு வருவதாக இருந்தது. பெங்களூர் அலுவலகத்தில், மொழிப் பிரிவில். அப்பா ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். மொழிபெயர்த்ததே தப்பு, கேட்டபோது கேலியாகச் சொன்ன பதிலும் தப்பு என்று மொழிபெயர்ப்பாளனே எப்படிச் சொல்வது? மேசையில் அந்தத் தமிழ்ப் புத்தகம் பின்னட்டை மேலாகக் கிடந்தது.

மகள் என்பதால் உணர்ச்சிவசப்பட்டு விதியை மறந்துவிட்டாராம், என்று கார்த்திக் ஆங்கிலத்தில் சொன்னான். நல்ல ஆங்கிலம். ஒரு பிழையும் இல்லை.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். நடுவர் தாளில் எதையோ எழுதத் தொடங்கினார்.

“அண்ணே” என்றாள் மஹாலட்சுமி. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். விடுதியில் ஆறு வருஷம் துண்டு கொடுத்ததில் அவளுக்கு ஆங்கிலம் காதில் ஏறியிருந்தது, வாயில்தான் ஏறவில்லை. “அம்மா அதச் சொல்லல.”

அவன் திரும்பவில்லை. அவள் எழுந்து நின்றாள். பிடித்த காலைத் தரையில் ஊன்ற முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “சார், மை மதர் நாட் அவுட்சைட்” என்றாள். “நாட் அவுட்சைட், சார்.”

தெரியும் அம்மா, எனக்குப் புரிகிறது, என்று இயக்குநர் ஆங்கிலத்தில் மிகவும் இரக்கத்தோடு சொன்னார். ஆனால் விதி விதிதான். எழுந்து போய் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அன்றைய பந்தயத்தில் வெளியாள் உதவிக்காகத் தகுதி இழந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மணி நேரம் அவகாசம் இருந்தது. கூடார வாசலிலேயே தாள் ஒட்டியிருந்தது. அதையும் தமிழாக்கியவன் அவன்தான். அந்த ஒரு மணி நேரமும் கார்த்திக் நாலாம் பந்தலுக்குப் போய்ப் பலகைகளைப் பிடுங்கினான், குவளைகளைப் பொறுக்கினான், அன்வர் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்தான். அன்வர் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மண்டபத்துல அந்தம்மா கேட்டுச்சுல, அதச் சொன்னீகளா உள்ள?” என்றார். கார்த்திக், “சொன்னேண்ணே, கேக்கல” என்றான். பொய் இரண்டாவது தடவை லேசாக வந்தது.

சாயங்காலம் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க இருவரும் வந்தார்கள். மீனம்மாள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவனைக் கண்டதும் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலைத் தாழ்த்த முடியும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எம்புட்டோ எடுத்துச் சொன்னீக தம்பி. இங்கிலீசுல மடமடன்னு சொன்னீகளே, பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அவுக கேக்கல, நீங்க என்ன செய்வீக. நானே போயிக் கெடுத்துட்டேன். அஞ்சு மாசம் அது முங்குனதை அஞ்சு நிமிசத்துல கெடுத்துட்டேன். தொடாம இருந்திருந்தா அதுவே எந்திரிச்சிருக்கும்ல?”

அவன் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து மஹாலட்சுமி, “அம்மா, பஸ்சுக்கு நேரமாச்சு. நீ போயி நிப்பாட்டு, நான் சைக்கிள விட்டுட்டு வர்றேன்” என்றாள். அம்மா பத்தடி தள்ளிப் போனதும் அவனிடம் சொன்னாள்: “நீங்க உள்ள சொன்னத அம்மாட்ட நான் சொல்லலண்ணே.”

“ஏன்?”

“சொன்னா நம்பாது. படிச்ச பிள்ள அப்படியெல்லாம் செய்யாதுன்னு என்னையத்தான் வையும்.”

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமை நிறுவனம் தன் பக்கத்தில் ஒரு வீடியோவைப் போட்டது. அதில் பதினான்கு விநாடி மீனம்மாள் வருவார். மகளின் கையைக் கோத்துக்கொண்டு, வாய் நிறையக் குலவையோடு, கருவேல மரங்களுக்கு நடுவே. யாரோ ஒரு பார்வையாளர் செல்போனில் எடுத்தது. அதற்குக் கீழே ‘செட்டிநாட்டின் அன்பு’ என்று எழுதியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவன் கார்த்திக். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அடுத்த வருஷப் புத்தகத்தில் பதினான்காம் விதி நான்கு வரியாகிவிட்டது. ‘பந்தலுக்கு வெளியே, பெற்றோர், உடன்பிறந்தோர், உறவினர் உட்பட எவர் எந்த உதவி செய்தாலும்’ என்று தொடங்கும். இப்போது அதில் ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லை. ஏன் மாற்றினாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. நல்ல திருத்தம் என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது.

அந்த வருஷமும் குலவைக்கு மீனம்மாளைக் கூப்பிடச் சொல்லி அவனைத்தான் அனுப்பினார்கள். சலவைக் கூடத்தின் வாசலில் நின்று கேட்டான். அவர் முறுக்கிய துண்டை உதறிக் கொடியில் போட்டார். “வேணாம் தம்பி. நான் வெளியாளாவே இருந்துக்கிறேன். கிட்ட வந்தா கை சும்மா இருக்காது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நிறுத்தி வைத்தார். மகள் அப்போது ஊரில் இல்லை.

மஹாலட்சுமி இப்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலை. கடை விடுதியில் தங்கல். நீந்துவதில்லை. மீனம்மாள் அதே விடுதியில் துண்டு துவைக்கிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடிச் சாலைக்கு இன்னமும் போகிறார். தண்ணீரைக் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுகொள்கிறார் என்று அன்வர் சாதிக் சொன்னார். கார்த்திக் பெங்களூரில் இருக்கிறான். மொழிப் பிரிவுக்கு இப்போது அவன்தான் தலைவன்.